விசுவமடுவில் இருந்துகொண்டு லண்டன் கடைக்கு வேலை செய்யலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): அக்கா, எனக்கு 27 வயது. விசுவமடுவில் இருக்கிறேன். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படித்தேன், பிறகு கணினியில் என்.வீ.கியூ. 4 (தேசிய தொழில் தகைமை) முடித்தேன். இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அரைநாள் கணக்கு எழுதுகிறேன், மாதம் 22,000 ரூபா. கணவர் வயலும் கச்சானும் செய்கிறார். மகனுக்கு 6 வயது. வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆக்களுக்கு வேர்ச்சுவல் அசிஸ்டன்டாக, அதாவது இணையம் வழியாக உதவியாளராக, வேலை செய்தால் மாதம் ஒன்றரை இலட்சம் உழைக்கலாம் என்று ஒரு கோர்ஸ் விளம்பரம் பார்த்தேன். கோர்ஸ் காசு 45,000. அதற்கு நுண்கடன் எடுக்க ஃபோம் நிரப்பி வைத்திருக்கிறேன். தம்பியின் பழைய லப்டொப் ஒன்று இருக்கிறது. என் ஆங்கிலம் சுமார். நான் போனும் கையுமாக இருப்பது மாமிக்குப் பிடிக்காது. இது நடக்கிற காரியமா? எங்கே தொடங்குவது? சங்க வேலையை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த ஃபோம். அதைக் கொடுக்காதீர்கள். நுண்கடன் எப்படி என்று வன்னியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, காசு கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தவணைக்கு ஆள் படலையடியில் வந்து நிற்கும். இந்தத் தொழிலில் முதல் காசு வர இரண்டு மாதமும் ஆகலாம், நான்கு மாதமும் ஆகலாம். எப்போது வரும் என்று தெரியாத வருமானத்தை நம்பி, கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடனை எடுத்தால், அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பீர்கள். அப்படியே ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போய்த் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போன வீடுகள் என் ஒழுங்கையிலேயே இருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் அந்தக் கோர்ஸ் என்ன சொல்லித்தரும் என்று பார்த்தேன். ஜிமெயில், கூகுள் கலண்டர், கணக்கு அட்டவணை போடும் ஷீட்ஸ், படம் வடிவமைக்கும் கன்வா, அப்வேர்க் என்ற வேலை தேடும் தளத்தில் கணக்குத் திறப்பது. இதில் பாதி உங்கள் என்.வீ.கியூ.விலேயே வந்திருக்கும். மீதிக்கு அந்தந்த நிறுவனங்களே இலவசப் பாடம் வைத்திருக்கின்றன, இணையத்தில் ஹப்ஸ்பொட் அகடமி போன்ற இடங்களில் சான்றிதழும் காசில்லாமல் கிடைக்கும். யாராவது நேரில் இருந்து சொல்லித்தந்தால்தான் ஏறும் என்றால், கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே போய் என்ன வகுப்பு நடக்கிறது என்று கேளுங்கள். 'கோர்ஸ் முடித்தால் வாடிக்கையாளர் நிச்சயம்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் 45,000 கேட்கிறார்கள், அந்த ஒரு வரியைத்தான் யாராலும் காப்பாற்ற முடியாது.

சரி, இது நடக்கிற காரியமா என்று கேட்டீர்கள். நடக்கும். வவுனியாவுக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு நான் இதை ஒன்பது வருடமாகச் செய்கிறேன். அதற்கு முதல் ஒரு தொண்டு நிறுவனத்தின் கந்தோரில் எழுதுநராக இருந்தேன், திட்டம் முடிந்ததும் எங்கள் எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். மணித்தியாலத்துக்கு 4 டொலர் என்று தொடங்கினேன். முதல் நான்கு மாதத்தில் எனக்கு வந்த காசு, சங்கத்தில் உங்களுக்கு ஒரு மாதத்தில் வருவதைவிடக் கொஞ்சம்தான் கூட. இன்றைக்கு நான்கு வாடிக்கையாளர்கள், அதில் இரண்டு பேர் ஐந்து வருடத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறார்கள். இந்த 'ஒன்றரை இலட்சம்' கணக்கையும் பார்த்துவிடுவோம். கிழமைக்கு 10 மணித்தியால வேலை, மணிக்கு 5 டொலர், மாதத்துக்கு 200 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 60,000. ஃபைவர் மாதிரித் தளம் வழியாக வந்த வேலை என்றால் அவர்கள் 20 வீதம் எடுத்துக்கொள்வார்கள், 48,000 மிஞ்சும். அதில் டேட்டாவுக்கும் கரண்டுக்கும் போக வேண்டும். ஒன்றரை இலட்சத்துக்கு இதே கட்டணத்தில் கிழமைக்கு 25 மணித்தியாலம் வேலை நிரம்ப வேண்டும், அது ஒன்றிரண்டு வருடத்தில் வரக்கூடிய இடம், முதல் மாதத்தில் வராது. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அவருக்கு உடனே விளங்கும். காலபோகம் விதைத்துவிட்டு அடுத்த கிழமை அரிவாளோடு யாரும் வயலுக்குப் போவதில்லை.

இப்போது இந்த வேலை உண்மையில் என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரங்கள் அதைத்தான் சொல்வதில்லை. லண்டனில் வீடு வாடகைக்கு விட்டுக் கொடுக்கும் ஒரு தம்பதிக்கு நான் வேலை செய்கிறேன். காலையில் அவர்களுடைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் 50, 60 கடிதம் கிடக்கும். குளியலறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒருவர், வாடகை இரண்டு நாள் பிந்தும் என்று ஒருவர், விளம்பரக் குப்பை முப்பது. குப்பையை ஒதுக்குவேன், நான் பதில் போடக்கூடியதற்குப் போடுவேன், குழாய் திருத்துபவருக்கு நேரம் எடுத்துக் கொடுப்பேன், அவர்களே பார்க்க வேண்டிய ஐந்தாறை மட்டும் மேலே வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவேன். அவர்கள் எழும்பித் தேநீர் குடிக்கும்போது மேசை துப்பரவாக இருக்கும். அவர்கள் எனக்குக் காசு தருவது தட்டச்சு செய்ததற்கு இல்லை, அந்த 60 கடிதத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடிந்ததற்கு. ஒரு விசயத்தை என்னிடம் சொன்னால் அது நடக்கும், நடக்காவிட்டால் நடக்கவில்லை என்று நானே முந்திச் சொல்வேன் என்ற நம்பிக்கைக்கு. நல்ல ஆங்கிலம், நல்ல கணினி, நல்ல கட்டணம் எல்லாவற்றிலும் என்னைவிடத் திறமானவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஆனால் முந்திச் சொல்பவர்கள் குறைவு, அதனால்தான் எனக்கு வேலை இருக்கிறது.

இதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன். இரண்டாவது வருடம், அமெரிக்காவில் இருந்த ஒரு வாடிக்கையாளர் தன் பல் வைத்தியரைச் சந்திக்கும் திகதியை 05/06 என்று அனுப்பினார். நாங்களும் பிரித்தானியாவும் நாளை முதலில் எழுதுவோம், அமெரிக்காவில் மாதம் முதலில். நான் ஜூன் 5 என்று கலண்டரில் போட்டேன், அது மே 6. பல் வைத்தியரிடம் போகாததற்கு அவர் தண்டம் கட்டினார். எனக்குத் தெரிந்த அன்றே, அவர் கேட்க முதல், நடந்ததை எழுதி, அந்தக் காசை என் கணக்கில் கழிக்கச் சொன்னேன். கழிக்கவில்லை, அடுத்த மாதம் வேலையைக் கூட்டித் தந்தார். அன்றிலிருந்து திகதியில் மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன், நீங்களும் முதல் நாளிலேயே அப்படிப் பழகுங்கள்.

இனி உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கடிதத்தில் 'எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, கணக்கு மட்டும் எழுதுவேன்' என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். தங்கச்சி, அதுதான் உங்கள் மூலதனம். யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு நினைவூட்ட வேண்டும், எந்தப் பற்றுச்சீட்டு எந்தக் கணக்குக்குப் போகும் என்பதைத்தானே சங்கத்தில் செய்கிறீர்கள், இதைத்தான் வெளிநாட்டில் சின்னக் கடை வைத்திருப்பவர்களும் தனியாகத் தொழில் செய்பவர்களும் செய்ய நேரமில்லாமல் திண்டாடுகிறார்கள். பிரித்தானியாவில் சுயதொழில் செய்பவர்கள் வரிக்கணக்கை இணையத்தில் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி 31. நவம்பர், டிசம்பரில் பற்றுச்சீட்டு மூட்டையோடு தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். 2026 ஏப்ரலிலிருந்து 50,000 பவுண்ஸுக்கு மேல் வருமானம் உள்ள சுயதொழிலாளர்களும் வீடு வாடகைக்கு விடுபவர்களும் கணக்கை டிஜிட்டலாக வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. வரி ஆலோசனை சொல்வது அவர்களுடைய கணக்காளரின் வேலை, அதில் நீங்கள் வாய் வைக்கக்கூடாது. ஆனால் பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பினால் திகதி, தொகை, யாருக்கு, எதற்கு என்று ஒழுங்காக ஷீட்டில் ஏற்றுவது, கட்டாத பில்லுக்கு மரியாதையாக நினைவூட்டல் எழுதுவது, இவை நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியவை. குவிக்புக்ஸ், சீரோ என்ற இரண்டு கணக்கு மென்பொருளில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள், பழக இலவசக் காலம் தருவார்கள்.

இன்னொன்று தமிழ். இதை நம் பிள்ளைகள் ஒரு தகுதியாகவே எண்ணுவதில்லை. லண்டன், ஸ்காபரோ, சிட்னி, பாரிஸ் என்று எங்கள் ஆக்களின் கடை, கணக்காளர் கந்தோர், கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், ஊர்ச் சங்கம் எத்தனை இருக்கின்றன. அவர்களிடம் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன, இப்போது எல்லாக் கணினியிலும் போனிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்க்க ஆள் வேண்டும். வாடிக்கையாளர் தமிழில் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டு ஆங்கிலத்தில் நான்கு வரி மின்னஞ்சலாக்க ஆள் வேண்டும். மணிலாவிலோ நைரோபியிலோ இருக்கும் கெட்டிக்காரர் ஒருவரால் இதைச் செய்ய முடியாது, உங்களால் முடியும். ஆகவே 'எந்த வேலை என்றாலும் செய்வேன்' என்று எங்கும் எழுதாதீர்கள். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, கணக்கும் மின்னஞ்சலும் பார்க்கும் உதவியாளர், அவ்வளவுதான் நீங்கள். வெறும் டேட்டா என்ட்ரியை நம்பி இறங்காதீர்கள், அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் கண்முன்னே சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆங்கிலம் சுமார் என்றீர்கள். கடிதத்தோடு இணைத்திருந்த ஆங்கிலப் பந்தியைப் படித்தேன். இரண்டு இடத்தில் காலம் பிழை, ஒரு இடத்தில் வசனம் நீண்டு முடிச்சு விழுந்திருக்கிறது. சொல்ல வந்தது விளங்கியது. எங்கள் வேலையில் எழுதும் ஆங்கிலம் சின்னச் சின்ன வசனம்தான், இன்று என்ன முடிந்தது, எது பாக்கி, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும் என்ற மூன்றை ஒவ்வொரு நாளும் தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும். இன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் சங்கத்தில் செய்த வேலையை அந்த மூன்று தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள், ஆறு கிழமையில் வித்தியாசம் தெரியும். சற்ஜிபிடியிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம், நானும் செய்கிறேன், ஆனால் வாடிக்கையாளரின் பெயர், கணக்கு இலக்கம், கடிதம் எதையும் அதற்குள் போடாதீர்கள். பேசும் ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். என் வாடிக்கையாளர்களில் ஒருவரோடு நான் மாதத்தில் ஒரு தடவைதான் கதைக்கிறேன்.

லப்டொப்புக்கு வருவோம். 4 ஜிபி ராம் என்று எழுதியிருந்தீர்கள், அதில் பத்து ஜன்னல் திறந்தால் மூச்சு வாங்கும். புதியது வாங்க அவசரப்படாமல், கிளிநொச்சியில் ஒரு நல்ல திருத்துநரிடம் காட்டி 8 ஜிபி ஆக்க முடியுமா, வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் போட முடியுமா என்று கேளுங்கள், பல பழைய மெசின்கள் அதோடு இரண்டு மூன்று வருடம் ஓடும். பற்றரி செத்துப்போயிருந்தால் அதை மாற்றுங்கள், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் கரண்ட் போவது செய்தியே இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், அந்தக் கிழமைகளில்தான் நான் கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கினேன், அது இல்லாமல் இன்றைக்கும் என்னால் முடியாது. இரண்டு வேறு கொம்பனியின் சிம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டில் எது எந்த மூலையில் நன்றாக எடுக்கிறது என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். வீடியோ அழைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜிபிக்கு மேல் குடிக்கும், குரல் மட்டும் என்றால் அதில் சிறு பங்குதான், காரணத்தைச் சொல்லி வீடியோவை நிறுத்தினால் யாரும் குறை நினைப்பதில்லை.

மாரிக்கு இது போதாது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. நான் அதற்கு இரண்டு நாள் முன்னமே, காற்று வருகிறது என்று கேட்டவுடன், நான்கு பேருக்கும் எழுதிவிட்டேன். 'புயல் வருகிறது, இத்தனை நாள் என்னைப் பிடிக்க முடியாமல் போகலாம், அவசரமானவை இவை, அவற்றை இப்போதே முடித்து வைத்திருக்கிறேன், இது மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும்' என்று. திரும்பி வந்தபோது நான்கு பேரும் முதலில் கேட்டது வீட்டில் எல்லாரும் சுகமா என்றுதான். சொல்லாமல் காணாமல் போயிருந்தால் இரண்டு பேராவது வேறு ஆள் பார்த்திருப்பார்கள். மழைக்கு மட்டுமில்லை, பொங்கல், தீபாவளி, வற்றாப்பளைத் திருவிழா, மகனின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் முன்னமே லீவு சொல்லிவிடலாம். வெளிநாட்டார் லீவுக்குக் கோபிப்பதில்லை, தெரியாமல் நடந்தால்தான் கோபிப்பார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, சின்னப் பிள்ளை வைத்திருக்கும் உங்களுக்கு லண்டன்தான் தோது. குளிர்காலத்தில் அவர்களுடைய காலை 9 மணி இங்கே பகல் 2.30, கோடையில் 1.30. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள், எங்களுக்கு மாறாது, அந்த இரண்டு திங்கட்கிழமையும் கவனம். ரொறன்ரோ என்றால் அவர்களின் காலை 9 மணி எங்களுக்கு இரவு 6.30 அல்லது 7.30, பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம். மெல்பேர்ன் விடியற்காலை மூன்றரை, நான்கரை. நான் ஒரு வருடம் விடியற்காலை மூன்றரைக்கு எழும்பிப் பார்த்து உடம்பு கெட்டுப்போனேன், இப்போது அந்த வாடிக்கையாளருக்கு முதல் நாள் இரவே செய்து வைக்கிறேன். லண்டன் ஆக்களோடு நேரடியாகப் பேச வேண்டிய வேலையைப் பின்னேரத்திலும், தனியாகச் செய்யும் வேலையை இரவில் மகன் படுத்த பிறகும் வைத்துக்கொண்டால், காலையில் சங்கத்துக்கும் போய்வரலாம்.

முதல் வாடிக்கையாளரை எங்கே பிடிப்பது? எல்லாரும் தளங்களில்தான் தொடங்கச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு கொப்பியை எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் 20 பேரின் பெயரை எழுதுங்கள், சொந்தம், கூடப் படித்தவர்கள், ஊரார், அவர்களுக்குத் தெரிந்த தொழில் செய்பவர்கள். 'வேலை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ' என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் 'பார்ப்பம்' என்பார்கள், அதோடு முடிந்துவிடும். இப்படி அனுப்புங்கள்: 'அண்ணா, கடை, கந்தோர் வைத்திருப்பவர்களுக்குப் பற்றுச்சீட்டுகளை ஷீட்டில் ஏற்றி, கட்டாத பில்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் வேலை செய்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதுவேன். கிழமைக்கு 5 மணித்தியாலம், மணிக்கு 5 டொலர், முதல் இரண்டு கிழமை பார்த்துவிட்டுப் பிடித்தால் தொடரலாம். இப்படி ஆள் தேவைப்படும் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?' கேள்வி 'உங்களுக்கு வேண்டுமா' என்று இல்லாமல் 'யாரையாவது தெரியுமா' என்று இருப்பதைக் கவனியுங்கள். மறுக்க வேண்டிய சங்கடம் அவருக்கு இல்லை, அதனால் பதில் வரும். கூடவே, கற்பனையான ஒரு கடைக்கு நீங்களே செய்த ஒரு ஷீட்டின் படத்தை இணையுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சொந்தக்காரருக்குச் செய்யும் வேலை உதவியாக மாறிவிடும். 'தங்கச்சி, இதையும் ஒருக்காப் பார்த்துவிடும்' என்று ஞாயிறு இரவு பதினொன்றுக்கு வரும். ஒரு கடைக்காரருக்கு நான் இரண்டு மாதம் வேலை செய்தேன், காசு கேட்டபோது 'ஊருக்கு வரும்போது தாறன்' என்றார், வரவும் இல்லை, தரவும் இல்லை. அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பி, சம்மதம் என்று பதில் வந்த பிறகுதான் தொடங்குகிறேன். என்ன வேலை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எந்த நேரம், எவ்வளவு, எந்தத் திகதியில் எப்படிக் காசு, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை காசு வாங்குங்கள், மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம். இலவசமாக ஒரு கிழமைகூடச் செய்யாதீர்கள்.

காசு வரும் வழியிலும் உறுதியாக இருங்கள். எங்கள் ஆக்கள் 'உண்டியலில் போட்டுவிடுகிறேன், வீட்டுக்கே வரும்' என்பார்கள். வேண்டாம். வங்கி வழியாக வந்த காசுக்குத்தான் சாட்சி இருக்கிறது, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டாலும் பிள்ளைக்கு விசா எடுத்தாலும் அந்த வங்கிப் புத்தகம்தான் கதைக்கும். இணையம் வழியாகக் காசு அனுப்பும் வைஸ், பேயோனியர் இரண்டும் இங்கே வேலை செய்கின்றன, வங்கியில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கும் திறக்கலாம். ஒன்று மட்டும் முதலே சரிபாருங்கள். அடையாள அட்டையில் முழுப் பெயர், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு என்று எங்கள் பெயர்கள் மூன்று விதமாக இருக்கும், கணக்கை உறுதிப்படுத்தும்போது அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலாக்கிவிட்டுத் தொடங்குங்கள். வரி பற்றிப் பயப்பட இப்போது ஒன்றுமில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் இந்த வருமானமும் வரிக்குள் வந்துவிட்டது, ஆனால் வருடத்துக்கு 18 இலட்சம் வரை விலக்கு, அதற்கு மேல் போனாலும் வங்கி வழியாக வெளிநாட்டு நாணயமாக வந்த காசுக்கு வீதம் 15க்கு மேல் போகாது. வரி இலக்கம் எடுத்து, வரவு செலவை மாதாமாதம் எழுதி வையுங்கள், அது உங்களுக்குக் கைவந்த கலைதானே. சேமலாப நிதி கட்ட முதலாளி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம், சுயதொழில் செய்பவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையில் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அப்வேர்க்கும் ஃபைவரும் பிறகு, இரண்டு பேரிடம் செய்த அனுபவத்தோடு போங்கள். அப்வேர்க்கில் விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற புள்ளிகள் வேண்டும், இலவசமாகத் தருவது முடிந்தால் காசு, ஆகவே கண்டதுக்கெல்லாம் போடாமல் கிழமைக்கு நாலைந்துக்குக் கவனமாக எழுதுங்கள். இணையத்தில் பதிவுக் கட்டணம் கேட்பவர், டெலிகிராமில் 'லைக் போட்டால் காசு' என்பவர், 'என் காசை உங்கள் கணக்கில் வாங்கி இன்னொருவருக்கு அனுப்புங்கள், பங்கு தருகிறேன்' என்பவர், 'உங்கள் பெயரில் இருக்கும் கணக்கை வாடகைக்குத் தாருங்கள்' என்பவர், இந்த நான்கு பேருக்கும் பதிலே போட வேண்டாம். மூன்றாவது ஆளை நம்பினால் பொலிஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இரகசியம் பற்றி ஒரு வார்த்தை, இது எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். லண்டனில் இருக்கும் வாடிக்கையாளரின் பெரியம்மா உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கலாம். அவருடைய கடையில் நட்டமா இலாபமா, யாருக்குக் கடன் என்பதெல்லாம் உங்கள் கண்ணில் படும். கிணற்றடியில் ஒரு சொல் விழுந்தால் அது லண்டனுக்குப் போய்ச்சேர அரை மணித்தியாலம் போதும். கணவரிடம்கூட வாடிக்கையாளர் பெயரோடு கதைக்காதீர்கள். கடவுச்சொல்லை வட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், பிட்வோர்டன் மாதிரிக் கடவுச்சொல் காக்கும் செயலி ஒன்றில் பகிரச் சொல்லுங்கள். லப்டொப்பில் மகன் விளையாடத் தனிக் கணக்குத் திறந்து கொடுங்கள்.

மாமியின் கதைக்கு வருகிறேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த வேலை எல்லாம் வெயிலில் குனிந்து நிமிர்ந்து செய்தது, கட்டிலில் இருந்துகொண்டு போனைத் தடவுவது அவருக்கு எப்படி வேலையாகத் தெரியும்? ஆகவே கட்டிலில் இருந்து செய்யாதீர்கள். ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு கதிரை, சுவரில் தமிழில் நேர அட்டவணை, அந்த நேரத்துக்கு முகம் கழுவி ஒழுங்கான உடுப்போடு இருங்கள். முக்கியமாக, அந்த நேரத்தில் மகனைப் பார்க்க அவருடைய உதவி வேண்டும் என்று நேரே கேளுங்கள், 'மாமி, பின்னேரம் இரண்டரையில் இருந்து ஐந்து மட்டும் இவனை நீங்கள் பார்த்தால்தான் என்னால் இது முடியும்' என்று. என் மாமியாரும் முதல் வருடம் முகம் கொடுக்கவில்லை. ஒரு நாள் ஷீட்டைக் காட்டி, இந்த மனிசனிடம் இவ்வளவு பாக்கி, இவருக்கு இன்றைக்குக் கடிதம் போடுகிறேன் என்று ஆளின் பெயரை மறைத்துவிட்டு விளக்கினேன். 'சங்கக்கடைக் கொப்பிதானே பிள்ளை இது' என்றார். அதற்குப் பிறகு யாராவது வந்தால் 'அவ வேலையில இருக்கிறா' என்று அவரே வாசலில் நிறுத்திவிடுவார்.

கடைசியாக, சங்க வேலையை விடாதீர்கள். ஆறு மாதம் தொடர்ச்சியாக, குறைந்தது இரண்டு வாடிக்கையாளரிடமிருந்து, உங்கள் 22,000 ரூபாவின் இரண்டு மடங்கு வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். ஒரே ஒருவரிடமிருந்து எவ்வளவு வந்தாலும் விட வேண்டாம், அவர் கடையை மூடினால் உங்கள் அடுப்பும் அணைந்துவிடும். அந்த 20 பெயரில் முதல் ஐந்து பேருக்கு இந்தக் கிழமை செய்தி அனுப்புங்கள், ஒரே நாளில் எல்லாருக்கும் வேண்டாம். எத்தனை பேர் பதில் போட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று பெயர் இல்லாமல் எனக்கு எழுதுங்கள், அடுத்த ஐந்து பேருக்கு அனுப்ப முதல் அந்தச் செய்தியை எங்கே திருத்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா